சொத்துக்குச் சொத்து எழுத முடியாது

எங்கள் குடும்பத்தில் அலுவலகப் படி ஏறியவர்கள் குறைவு. ஏறியவர்களும் வேலை பார்க்க ஏறினார்களே தவிர, கெஞ்சிக் கேட்க ஏறியதில்லை. நான் ஸ்டேஷன் மாஸ்டராகப் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் பிடித்து ஓய்வு பெற்றவன். வண்டி தாமதமானால் அறைக்குள் ஒளியாமல் பிளாட்பாரத்தில் நிமிர்ந்து நின்று பதில் சொன்னவன். அப்படிப்பட்டவன் வாயாலேயே, உடன்பிறந்த தங்கையை ஒரு சொத்து என்று சொல்ல வைத்துப் பதிந்துகொண்டார்கள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கோபப்படுவதற்கு இப்போது தெம்பு இல்லை.

வெளிநாட்டில் இருக்கும் என் மூத்த மகன் போன் செய்ததில் ஆரம்பித்தது. எனக்குக் காது கொஞ்சம் மந்தம். போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவேன்.

"அப்பா, தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு அப்புறம் அந்த வீட்டை வச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது? வித்துடலாம்னு தம்பியும் சொல்றான். அத்தையை நல்ல இல்லமாப் பாத்து சேத்துடலாம். ஆளுக்கு ஒரு கட்டில், டி.வி. எல்லாம் குடுக்கறாங்களாம்."

அத்தை பின்னறையில் இருந்தாள். என் தங்கை சிறு வயதிலேயே கணவனை இழந்து எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். பின்னறையில் தையல் மிஷின் போட்டுத் தன் சாப்பாட்டைத் தானே சம்பாதித்தவள். அந்த அறை அவளுடையது என்பது எங்கள் வீட்டில் பேச்சு. பேச்சை யாரும் எங்கேயும் பதிவு செய்து வைக்கவில்லை. அதற்கு அவசியம் வரும் என்று எங்கள் அப்பா நினைக்கவில்லை.

சாப்பாடு போடும்போது, "கட்டில் மரமா, இரும்பான்னு கேட்டியா அண்ணா?" என்று மட்டும் கேட்டாள்.

பாதி வீட்டை அவள் பெயரில் எழுதிவிடுவது என்று அன்றே முடிவு செய்தேன். கூடப் பிறந்தவளை வாசலில் நிறுத்திய குடும்பம் என்ற பேச்சு எனக்குப் பிறகும் எழக்கூடாது.

முன்பு இதற்குப் பத்திரப் பதிவு அலுவலகம் இருந்தது. சுதந்திரம் என்றால் என்ன, உடைமை என்றால் என்ன என்பதில் மக்களுக்குத் தெளிவில்லை என்று மேலிடம் கண்டுபிடித்ததால், அதன் பலகையை இறக்கிவிட்டுச் 'சுதந்திர உடைமைத் தெளிவகம்' என்று வேறு பலகை ஏற்றியிருந்தார்கள். கட்டடம் அதேதான். ஒழுகும் இடங்களும் அவையேதான்.

உள்ளே ஒரு நடைபாதை. இடப்புறம் உடைமைப் பிரிவு. அதன் சுவரில், 'உடைமை இல்லாதவர் சுதந்திரமானவர் அல்லர்' என்று எழுதியிருந்தது. வலப்புறம் விடுதலைப் பிரிவு. அதன் சுவரில், 'உடைமை உள்ளவர் சுதந்திரமானவர் அல்லர்' என்று அதே பெயின்டில், அதே ஆள் எழுதியிருந்தார். நடைபாதை இரண்டு பிரிவுக்கும் சேராததால் அங்கே பல்பு எரியவில்லை. கழிவறைக்குத் தாழ்ப்பாள் போடலாமா என்ற தத்துவ விவாதம் இன்னும் முடியவில்லை. தாழ்ப்பாள் தனியுடைமையின் முதல் படி என்பது வலப்புறத்தின் வாதம். அதுவரை உள்ளே போகிறவர்கள் ஆள் இருப்பதற்கு அடையாளமாகப் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். நான் போன அன்று யாரோ தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்.

தெளிவகத்தின் இயக்குநர் 'ஒரு சொல், ஒரு பொருள்' என்று ஒரு விதியும் கொண்டுவந்திருந்தார். எந்தச் சொல்லுக்கும் அலுவலகத்துக்குள் ஒரே அர்த்தம்தான். சொற்களை இரண்டு பிரிவும் பாகம் பிரித்துக்கொண்டன. 'வீடு' என்றால் பழைய நூல்களில் விடுதலை என்றும் பொருள் இருக்கிறதென்று விடுதலைப் பிரிவு அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து உடைமைப் பிரிவில் வீட்டைக் 'கூரையுள்ள உடைமை' என்றுதான் சொல்கிறார்கள். அதற்குப் பழிவாங்க அவர்கள் 'சொந்தம்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். இதையெல்லாம் எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

முகப்பில் இருந்த எழுத்தர் இளைஞர், மரியாதை தெரிந்தவர்.

"யார் பேருக்கு எழுதணும் மாஸ்டர்?"

"என் தங்கை பேருக்கு."

"அவங்க உங்களுக்குச் சொந்தமா, வெளியாளா?"

"என்னய்யா கேள்வி இது? கூடப் பிறந்தவ. சொந்தம்தான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அப்புறம் மாத்த முடியாது."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? அவ பொறந்ததுலேர்ந்து எனக்குச் சொந்தம்."

அவர் சற்று வியப்போடு என்னைப் பார்த்துவிட்டு, தட்டச்சு செய்துகொண்டார். எனக்கு முன்னால் யாரும் அவ்வளவு உறுதியாகச் சொன்னதில்லை போலிருக்கிறது.

தங்கையை அழைத்துக்கொண்டு வரச்சொல்லி ஆள் வந்தது. போனோம். உடைமை அதிகாரி சுத்தமான மனிதர். அவருடைய நாற்காலி, மேஜை, தண்ணீர் பாட்டில், அழிப்பான் எல்லாவற்றிலும் அவர் பெயர் ஒட்டியிருந்தது.

"மாஸ்டர், உங்க மனுவை ஏத்துக்க முடியல. சொத்துக்குச் சொத்து எழுத முடியாது."

"எந்தச் சொத்துக்கு?"

அவர் என் தங்கையைக் கையால் காட்டினார். விரலால் காட்டவில்லை. அந்த மரியாதை இருந்தது.

"இவங்க உங்களுக்குச் சொந்தம்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. பொறந்ததுலேர்ந்துன்னு வேற. இவ்வளவு நீண்ட அனுபோகத்தை நான் எங்கயும் பாத்ததில்ல. மேஜை பேருக்கு நாற்காலியை எழுத முடியுமா? அந்த மாதிரிதான் இதுவும்."

நான் பேசுவதற்குள் தங்கை கேட்டாள்: "நான் எத்தனை சதுர அடி சார்?"

"அதைத்தான்மா இன்னும் அளக்கல" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு. "இவ்வளவு நாளா விவரமில்லாம ஒரு சொத்து கிடக்கிறது எங்களுக்கே கேவலம்."

ஓர் ஆளைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னார். தங்கை, "உங்க டேப் இழுத்து இழுத்து நீண்டு போச்சு. சரியா வராது" என்று தன் கழுத்தில் தொங்கிய டேப்பைக் கழற்றிக் கொடுத்தாள். உயரம் எழுதினார்கள். நான்கு எல்லைகள் எழுதினார்கள்: வடக்கே பீரோ, கிழக்கே ஜன்னல், மேற்கே அதிகாரி, தெற்கே அண்ணன். "அசையாதீங்கம்மா, எல்லை மாறுது" என்றார் அளக்கிறவர்.

"அசையும் சொத்தா, அசையாச் சொத்தா?" என்று அதிகாரி கேட்டார்.

"மூட்டுவலி சார். ரெண்டுக்கும் நடுவுல போட்டுக்குங்க."

அவர் சிரிக்கவில்லை. அப்படி ஒரு வகை இருக்கிறதா என்று புத்தகத்தைப் புரட்டினார். இல்லை.

நான் அவரிடம், "ஐயா, அந்தப் பின்னறையை இவ்வளவு காலம் பூசி, மெழுகி, பெருக்கி வச்சிருந்தது இவதான். அதுக்காவது ஒரு உரிமை இல்லையா?" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்கு அவரிடம் ஒரு சொற்பொழிவு தயாராக இருந்தது.

"அருமையா கேட்டீங்க. உரிமை எங்கேர்ந்து வருது? உழைப்புலேர்ந்து. காட்டைத் திருத்தினா காடு அவனுது. அதுதான் எங்க கொள்கை. ஆனா பெருக்கறது உழைப்புல வராது மாஸ்டர். பெருக்கினா புதுசா என்ன உண்டாகுது? இருந்த குப்பை போகுது. அவ்வளவுதான். இல்லாமப் போறதுக்கெல்லாம் உரிமை குடுத்தா நாட்டுல அத்தனை வீடும், மன்னிக்கணும், அத்தனை கூரையுள்ள உடைமையும் பொம்பளைங்க பேருக்குப் போயிடும்."

இவள் முதலில் விடுதலை பெற்று வர வேண்டும், பிறகுதான் எழுத முடியும் என்று எதிர் அறைக்கு அனுப்பினார். வெளிச்சமில்லாத நடைபாதையைத் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு கடந்தாள். "நாலு எல்லையும் கூடவே வருதா பாரு அண்ணா" என்றாள்.

விடுதலை அதிகாரியின் மேஜையில் எதிலும் பெயர் இல்லை. பெயர் ஒட்ட எதுவும் இருக்கவும் இல்லை. இழுப்பறைகள் திறந்தே கிடந்தன.

"பாத்தீங்களா? பூட்டே கிடையாது" என்றார். "பூட்டு இருக்கிற இடத்துல விடுதலை இருக்காது."

"உள்ள ஒண்ணையும் காணோமே சார்" என்றாள் தங்கை.

"திருட்டு ஜாஸ்தி. எல்லாத்தையும் சாயங்காலம் எடுத்துட்டுப் போயிடுவேன்."

விஷயத்தைச் சொன்னேன். என்னை ஓர் அரக்கனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அண்ணன் என்ற சொல்லுக்கு ஆண்டை என்ற வாடை உண்டு என்றார். எங்கள் அப்பா காலத்தில் வேலைக்காரரைக்கூட ஒருமையில் அழைத்ததில்லை என்று சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. என் தங்கையிடம் திரும்பினார்.

"அம்மா, உங்களை விடுவிக்க எனக்கு ஒரு கையெழுத்து போதும். ஆனா என் மனசாட்சி விடல. விடுவிச்ச உடனே இவர் பாதிக் கூரையை உங்க தலையில கட்டிடுவார். உடைமை வந்துட்டா நீங்க மறுபடி அடிமை. வரி கட்டணும், வெள்ளையடிக்கணும், பூட்டுச் சாவி தேடணும். உங்களை விடுவிக்கிறது உங்களுக்கு நான் பண்ற துரோகம்."

"அப்ப யாரு சார் நிஜமா சுதந்திரமானவங்க?"

"என்னை எடுத்துக்குங்க. என் பேர்ல ஒரு செங்கல் கிடையாது. மூணு கூரையும் மனைவி பேர்ல, தோப்பு மாமியார் பேர்ல. நான் காத்து மாதிரி இருக்கேன். பாவம், அவங்கதான் கட்டுண்டு கிடக்கிறாங்க."

அவர் கண்கள் கலங்கியிருந்தன. மனைவியின் துன்பத்தை நினைத்திருப்பார்.

ஆக, உடைமை பெற அவள் விடுதலையாக வேண்டும். விடுதலையாக வேண்டுமானால் உடைமை பெறக் கூடாது. சிக்னல் இரண்டும் சிவப்பில் நிற்கும்போது நடுவே மாட்டிய வண்டியைப் போல நாங்கள் நடைபாதையில் நின்றோம். இப்படிப் பல நாள் நின்ற பிறகு ஒரு நாள் இயக்குநரே எங்களை அழைத்தார். இரண்டு அதிகாரிகளையும் எழுத்தரையும் வைத்துக்கொண்டு பேசினார்.

"சுதந்திரத்தைப் பத்தி ரெண்டு பெரிய சிந்தனைகள் இருக்கு. இந்தத் தெளிவகம் எந்தப் பக்கமும் சாயாது. இடது அறையில நான் அதை முழுசா நம்பறேன். வலது அறையில இதை முழுசா நம்பறேன். நடைபாதையில நடக்கும்போது எதையும் நம்பறதில்ல. அதனாலதான் இத்தனை வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். மாஸ்டர், உங்க விஷயத்துல ஒரு வழி இருக்கு. இந்தம்மா உங்களுக்குச் சொந்தமில்லைன்னு எங்க முன்னாடி மூணு முறை சொல்லிடுங்க. அவங்க விடுதலை. விடுதலை அதிகாரி கண்ணை மூடிக்குவார். அவர் கண்ணைத் திறக்கறதுக்குள்ள கூரையுள்ள உடைமையில பாதியை எழுதிடலாம்."

விடுதலை அதிகாரி ஒத்திகையாக ஒரு முறை கண்ணை மூடிக் காட்டினார்.

எங்கள் குடும்பத்தில் அந்த வாக்கியத்தை ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறார்கள். என் பெரியப்பா தன் மகனைப் பார்த்துச் சொன்னார். பெரியப்பாவுக்குக் கொள்ளி வைக்கக்கூட அந்த மகன் வரவில்லை.

"வேற மாதிரி சொல்லக்கூடாதா? சொத்து இல்ல, உறவுன்னு போட்டுக்கலாமே."

"உறவுங்கிறது ரெண்டு நாட்டுக்கு நடுவுல இருக்கிறது. நீங்க நாடா?" என்றார் இயக்குநர்.

தங்கையைப் பார்த்தேன். அவள் டேப்பை விரலில் சுற்றிக்கொண்டு இருந்தாள். சொல் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மகன் சொன்ன அந்தக் கட்டில் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. இரும்புக் கட்டிலாகத்தான் வந்தது.

எழுந்து நின்றேன். "இவள் எனக்குச் சொந்தமில்லை" என்றேன். முதல் முறை, பிளாட்பாரத்தில் அறிவிப்புச் சொல்கிற குரல் வந்தது. இரண்டாம் முறை அதில் பாதி வந்தது. மூன்றாம் முறை எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா மாஸ்டர், கடைசி ஒண்ணு பதிவாகல" என்றார் எழுத்தர்.

சத்தமாகச் சொன்னேன்.

எல்லோரும் கை தட்டினார்கள். இயக்குநர் பேனாவை என் தங்கையின் பக்கம் நீட்டி, பாதி வீட்டை ஏற்றுக்கொள்வதாகக் கையெழுத்துப் போடச் சொன்னார். அவள் பேனாவை வாங்கவில்லை.

"இவர் எனக்கு யாருங்க?"

"யாரும் இல்லம்மா. அதான் இப்ப நீங்க சுதந்திரம்!"

"யாரோ ஒரு ஆம்பளைகிட்ட பாதி வீட்டை வாங்கிக்கச் சொல்லி எங்கப்பா என்னை வளக்கல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அவள் மறுத்தது சுதந்திரத்தின் உச்சம் என்றார் ஓர் அதிகாரி. சுதந்திரத்தை வைத்துக்கொள்ளத் தெரியாத்தனம் என்றார் மற்றவர். அவள் செய்தது சரி என்பது என் கருத்து. நானாக இருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன். என்னை யாரும் கேட்கவில்லை.

அன்று முதல் அவள் என்னை 'நீங்க' என்று பேச ஆரம்பித்தாள். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, "வீட்டுக்காரரே, ஆறிடப் போகுது" என்று சொல்வாள். சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மரியாதையைத் தாங்க முடியவில்லை.

சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுவதற்காக நான் மறுபடி தெளிவகத்துக்குப் போனேன். சொல் மாறுவது எங்கள் பரம்பரையில் வழக்கமில்லை. இருந்தாலும் போனேன். இருட்டு நடைபாதையில் உடைமை அதிகாரி என் கையைப் பிடித்து நிறுத்தினார். அங்கே எந்த விதியும் செல்லாது. எல்லாச் சொல்லும் அவருக்கு எல்லாப் பொருளிலும் வந்தது.

"மாஸ்டர், வாபஸ் மட்டும் வாங்கிடாதீங்க. இப்ப அந்தம்மா யாரு? உங்க வீட்டுல இருக்கிற வெளியாள். அதாவது குடித்தனக்காரங்க. குடித்தனக்காரங்களை உங்க பசங்க இல்ல, எமன் வந்தாலும் கிளப்ப முடியாது. சட்டம் அப்படி. நான் இருக்கிறதே வாடகை வீடுதான். வீட்டுக்காரன் வக்கீல் மேல வக்கீலா மாத்திப் பாத்துட்டான்."

"அவ வாடகை கட்டணுமே ஐயா?"

"நான் கட்டறேனா?" என்றார். "சொந்தபந்தத்தைத்தான் மாஸ்டர் ஒரே நாள்ல வெளிய தள்ளலாம். வெளியாளைத் தள்ளவே முடியாது."

தங்கையாக இருந்தவரை அவளுக்கு அந்த வீட்டில் எந்தப் பிடிமானமும் இல்லை. யாரோ ஒருத்தி ஆனதும் அசைக்க முடியாதவள் ஆகிவிட்டாள். இதைப் பின்னறைக் கதவுக்கு வெளியே நின்று அவளிடம் சொன்னேன். உள்ளே தையல் மிஷின் நின்றது.

"குடித்தனக்காரங்களுக்குக் கூரை ஒழுகாமப் பாத்துக்கறது வீட்டுக்காரர் பொறுப்பா?" என்று கேட்டாள்.

"அப்படித்தான் நினைக்கறேன்."

"அப்ப ஓட்டை மாத்துங்க."

மாற்றினேன். நானே ஏணியில் ஏறினேன். மகன் போன் செய்தபோது, பின்னறையில் ஒரு குடித்தனம் இருக்கிறது என்று சொன்னேன்.

"யாருப்பா? எப்ப வச்சீங்க?"

"ஒரு தையல்காரம்மா. ரொம்ப நாளா இருக்காங்க. காலி பண்ண மாட்டாங்களாம்."

"விசாரிக்காம யாரையாவது வச்சுடறதா? இனிமே வீட்டை யாருப்பா வாங்குவான்?"

"யாரும் வாங்க மாட்டான்" என்றேன்.

பாக்கி இருந்தது ஒன்றுதான். குடித்தனம் உண்மைதானா என்று வீட்டுக்கு வந்து பார்த்துப் பதிந்துகொள்ள வேண்டும். எழுத்தர் இளைஞரே வந்தார். வாசலில் நின்றபடி கேள்விகளைக் கேட்டார். கேள்விகள் பழைய பதிவு அலுவலகத்தின் கேள்விகள். பதில்களுக்கு மட்டும்தான் புது விதி.

"பின்னறையில இருக்கிற அம்மா உங்களுக்கு என்ன வேணும் மாஸ்டர்?"

சொல்ல வேண்டிய பதில் எனக்குத் தெரியும். ஒன்றும் வேண்டாம். இரண்டே சொல். அதைச் சொன்னால் அவள் கடைசிவரை அந்த அறையில் இருக்கலாம். வேறு எதையாவது சொன்னால் அவள் மறுபடி என் சொத்து. பிறகு இரும்புக் கட்டில்.

வாயைத் திறந்தேன். மூன்று முறை சொன்ன வாய் நாலாம் முறைக்கு வரவில்லை. பின்னறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்ததைப் பார்த்தேன்.

"தங்கச்சி வேணும்" என்றேன்.

எழுத்தர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பையிலிருந்து தெளிவகத்தின் சொற்கையேட்டை எடுத்து, விரலை எச்சில் தொட்டுப் புரட்டினார். 'வேணும்' என்ற சொல்லுக்கு நேரே ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. அதன்படி உரக்கப் படித்துக்கொண்டே எழுதினார்: "வீட்டு உரிமையாளருக்கு ஒரு தங்கை தேவைப்படுகிறது."

பிறகு இரக்கத்தோடு என் தோளைத் தொட்டார். "இந்த வயசுக்கு மேல தங்கச்சிக்கு எங்க போறது மாஸ்டர்? எங்க ஆபீஸ்ல அந்த வசதி இல்ல. எதுக்கும் விடுதலைப் பிரிவுல ஒரு மனு போட்டு வைங்க. பின்னறை அம்மாவைக் குடித்தனம்னு போட்டுக்கறேன். சரிதானே?"

"போட்டுக்குங்க" என்றேன்.

பின்னறையில் குடியிருப்பவர் சிரித்தது வாசல்வரை கேட்டது.